ஐம்பது முறை திறக்கலாம்

அரியர் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த இரவில்
பதிப்பகத்திலிருந்து மின்னஞ்சல்:
வாழ்த்துகள், உங்கள் நூல் வெளியாகிவிட்டது.
விலை நூற்று இருபது பவுண்டு.
பாளையங்கோட்டையில் மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
பெருக்கிப் பார்த்துவிட்டுப்
பேனாவை மூடி வைத்தேன்.

ஆசிரியருக்கு அச்சுப் பிரதி ஒன்று.
கூடவே ஓர் இணைப்பு;
ஐம்பது முறை இலவசமாகத் திறக்கலாம்,
ஐம்பத்தொன்றாவது ஆளுக்குக் கட்டணம்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
பதினோரு வருஷம் நான் எழுதியதே இதைத்தான்:
ஒரு காலில் ஓடுகிற தண்ணீரை
எத்தனை மடை, எத்தனை நாழிகை, யார் முதலில் என்று
சண்டை போட்டுப் பிரித்துக்கொண்ட கதை.
மழை பொய்த்த வருஷம் கடைமடைக்குத்தான் முதல் முறை,
தலைமடைக்காரன் கைகட்டி நிற்க வேண்டும்.
நோட்டில் அப்படித்தான் இருக்கிறது.

நோட்டு, பலவேசம் அண்ணாச்சி வீட்டு நோட்டு.
அவர் அப்பா மடை பார்த்தவர்.
யூரியா சாக்குக்குள் அறுபத்தெட்டு கிடந்தன.
பல்லி எச்சத்தை ஊதி ஊதி
ஆயிரத்து முந்நூறு படம் எடுத்தேன், போனில்.

ஆகவே முதல் முறை கடைமடைக்கு.
லண்டன் பேராசிரியரும் டெல்லி மதிப்புரையாளரும்
எங்கள் துறைத் தலைவரும் வரிசையில் நிற்கட்டும் என்று
இணைப்பை அண்ணாச்சிக்கு அனுப்பினேன்.

அவர் அதைக் கால் பாசனக் கமிட்டி குரூப்பில் போட்டார்.
இருநூற்றுப் பத்துப் பேர்.

உடைப்பு.

ராத்திரி எட்டரைக்குள் நாற்பத்தேழு போய்விட்டது.
யாரும் இங்கிலீஷைப் படிக்கவில்லை.
அப்பா பேர் இருக்கிறதா என்று தள்ளிக்கொண்டே போயிருக்கிறார்கள்,
மடைப் படம் வந்த இடத்தில் விரலை விரித்துப்
பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள்.
மாப்ள ஒங்க வயலு என்று
ஒருத்தர் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருந்தார்.

பதிப்பகத்தின் கணக்குப் பக்கம் என்னைப் பாராட்டியது:
உங்கள் வாசகர்கள் அதிகம் உள்ள இடம் திருநெல்வேலி.
சராசரி வாசிப்பு நேரம் நாற்பது வினாடி.

மிச்சம் மூன்று.
ஒன்று நூலகர் ஞானசிகாமணி சாருக்கு.
ஒன்று மேலப்பாளையம் மீராளுக்கு,
குளங்களை அவள் எழுதப் போகிறாள்.
மூன்றாவதை நானே அமுக்கிவிட்டேன்,
வேலை செய்கிறதா என்று பார்க்க.

லண்டன்காரர் வாங்கிப் படிக்கட்டும். அவருக்கு முடியும்.

நோட்டுப் படங்கள் ஆயிரத்து முந்நூறையும்
கல்லூரி சர்வரில் பூட்டில்லாமல் ஏற்றினேன்.
அதைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லை.
நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் போன்.
'டீச்சர், எம் பேரு எத்தனாம் பக்கத்துல கெடக்கு?'
'எரநூத்திப் பதிமூணு அண்ணாச்சி. அடிக்குறிப்பு.'
'அடியிலயா.'
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
'சரி, கடைமடதான நாம. அத விடுங்க.
எம்பத்தேழாம் பக்கத்து வரைபடத்துல
மடைய கீழ்கரையில போட்டிருக்கிய.
அது மேல்கரைல்லா.'

எழுதிக் கேட்டேன்.
அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள்.
நூற்று இருபது பவுண்டு நூலுக்கு
அடுத்த பதிப்பு வருவதில்லை என்பது
அவர்களுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து
அச்சுப் பிரதியைக் கொண்டுபோனேன்.
அண்ணாச்சி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்,
பின்னட்டையின் விலையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
பேரன் பையிலிருந்து ஒரு ஜெல் பேனா.
கீழ்கரை மடையை அடித்துவிட்டு
மேல்கரையில் ஒரு கட்டம் போட்டு
அழுத்தி நிரப்பினார், இரண்டு தடவை,
எனக்குத் தெரிந்து இந்த மாவட்டத்தில் இருக்கிற
ஒரே பிரதியில்.

மை ஊறி
எண்பத்தெட்டாம் பக்கத்திலும்
இப்போது ஒரு மடை இருக்கிறது.